அளவு பார்ப்பது யார்? – பால்மரக் காட்டிலிருந்து செயலி வரை

என் பாட்டிக்கு இப்போது 78 வயது. தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 12 வயதில் அவருடைய அம்மாவோடு மங்கு துடைக்கப் போனார். பிறகு சொந்தமாக நிரை கிடைத்தது. மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருடம்தான் கத்தியைக் கீழே வைத்தார். அந்தக் கத்தி பழைய நாளிதழ் ஒன்றில் சுற்றப்பட்டு எங்கள் வீட்டுச் சாமான் அறையில் இன்னமும் கிடக்கிறது.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, கோலாலம்பூரில் ஒரு சிறிய ஸ்டார்ட்-அப்பில் வேலை செய்கிறேன். மொத்தம் 14 பேர். தோட்டங்களுக்கான செயலி ஒன்றைச் செய்கிறோம். காலையில் யார் வேலைக்கு வந்தார், எந்தக் காட்டில் எத்தனை குலை வெட்டினார், அதில் எத்தனை காயாக இருந்தது என்று கைப்பேசியிலேயே பதிவாகிவிடும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு தானாக வந்து நிற்கும். பெரட்டு, செக்ரோல், கிராணியின் பேரேடு எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் அடக்கியிருக்கிறோம் என்று முதலீட்டாளர்களிடம் சொல்வோம்.

போன தீபாவளி விடுமுறையில் பாட்டியிடம் அதைக் காட்டினேன். ஒரு பெருமைதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுல பேரு வந்துட்டா ஆளு வேலைக்கு வந்ததா கணக்கா?”

“ஆமா பாட்டி.”

“சரிய்யா. அளவு பாக்குறது யாரு?”

“சிஸ்டம்தான் பாக்குது.”

“சிஸ்டம்னா யாரு? கிராணியா?”

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாப்பா ரோட் ஸ்டேஷனில் ரயிலேறிய பிறகுதான் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது உறைத்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் தோட்டத் தொழிலின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். நான் செய்யும் வேலையை எனக்கு முன்னால் யார் யார் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

ரிட்லியின் சட்டைப்பை

1888இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக வந்து சேர்ந்தார். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ரப்பர் மரம் ஏற்கெனவே இங்கு வந்திருந்தது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில கன்றுகளைப் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அங்கே வயதான ஒரு மரம் இன்றும் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

மரம் இருந்தது, ஆனால் அதிலிருந்து பால் எடுக்கும் உருப்படியான முறை இல்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். அடி ஆழமாகப் பட்டால் மரம் காயப்பட்டு முண்டும் முடிச்சுமாகிவிடும். மரங்களும் காட்டுக்குள் அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். ரிட்லி 1890களில் செய்து காட்டியது வேறு. சரிவாக ஒரு கோடு வெட்டுவது. அடுத்த முறை புதிய இடத்தில் வெட்டாமல், அதே கோட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுப்பது. இப்படி மறுபடி மறுபடி திறக்கும்போது பால் குறையாமல் கூடிக்கொண்டே வந்தது. மரமும் சாகவில்லை. சீவிய பட்டை சில ஆண்டுகளில் திரும்ப வளர்ந்தது.

இன்றைய மொழியில் சொன்னால் அவரிடம் தயாரிப்பு இருந்தது, வாடிக்கையாளர் இல்லை. மலாயாவின் தோட்டக்காரர்கள் காப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். ரிட்லி சட்டைப்பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் நடச் சொல்லி வற்புறுத்துவாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டுப் பார்த்தார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு காப்பி விலை சரிந்தது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1910இல் ரப்பர் விலை வெறிபிடித்த மாதிரி ஏறியது. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. ரிட்லி 100 வயதையும் தாண்டி 1956இல் இறந்தார். தான் சொன்னது பலித்ததை இவ்வளவு காலம் இருந்து பார்த்தவர்கள் குறைவு.

எங்கள் துறையில் இப்படிப்பட்ட கதையென்றால் உயிர். யாரும் நம்பாத ஒருவன், ஒரு புதுமுறை, பிறகு உலகமே மாறுகிறது. கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பாட்டியின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மெல்லிய சீவலை யார் எடுப்பது? கத்தி பட்டைக்குள் போக வேண்டும், அதற்குள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொடக்கூடாது. இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மரத்துக்குள் பாலின் அழுத்தம் விடிவதற்கு முன்னால்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, 400, 500 மரத்தை வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூடக் கிடையாது. அதுவும் வருடம் முழுக்க. கோடரி காலத்தில் காட்டுக்குள் அலைகிற வேலையாக இருந்தது, ரிட்லிக்குப் பிறகு வரிசையாக நின்ற மரங்களுக்கிடையில் நேரம் பார்த்துச் செய்யும் வேலையாகிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள் என்பதைக்கூட அந்த வெட்டுமுறைதான் தீர்மானித்தது. இந்த வேலைக்கு நிறைய ஆட்கள் வேண்டும், தினமும் வேண்டும், ஒரே இடத்தில் தங்கியிருக்க வேண்டும். நம்ம ஆளுங்க கப்பலேறியது அதற்காகத்தான்.

தலைக்காசு

ஆள் சேர்க்கும் வேலையைச் செய்தவர் கங்காணி. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரையே அவருடைய ஊருக்குத் திருப்பி அனுப்பி, உறவையும் பங்காளியையும் அழைத்து வரச் சொல்வதுதான் முறை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அரசு தொடங்கியது. தோட்டங்களிடமிருந்து தொகை வசூலித்து, வருகிறவர்களின் பயணச் செலவை அதிலிருந்து கொடுத்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறையில் புதிதாக ஆளெடுப்பது நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி முறையே பிரதானமானது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது ஓடியது.

கங்காணிக்கு ஆள் சேர்த்ததற்குத் தனியாகக் கமிஷன் உண்டு. அதற்கு மேல் தலைக்காசு என்று ஒன்று. அவர் கூட்டிவந்த ஆட்களில் அன்றன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. பெரும்பாலும் நாளுக்கு 2 காசு. இதைப் படித்தபோது ஒரு கணம் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தேன். 2012இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் தொடங்கிய கிராப் நிறுவனமும், அதைப் பின்தொடர்ந்து வந்த மற்றவையும் வாழ்வது இதே தர்க்கத்தில்தான். வண்டி ஓட்டுநருடையது. பெட்ரோல் ஓட்டுநருடையது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு பங்கு ஆளைக் கோத்துவிட்டவருக்கு.

ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப இழுக்கவும் கூடாது. கிராப் ஓட்டுநர் கடலைத் தாண்டி வரவில்லை, லயத்தில் அடைபடவில்லை. இன்னொரு பக்கம், கங்காணிக்கு ஒரு முகம் இருந்தது. அவர் அதே ஊர்க்காரர். அநியாயம் செய்தால் தீமிதித் திருவிழாவில் நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடிக்கலாம். பிடித்திருக்கிறார்கள். செயலியின் சட்டையைப் பிடிக்க முடியாது. “சிஸ்டம்னா யாரு?” என்று பாட்டி கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவருக்குச் சட்டையின் காலர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

பாலில் மிதந்த கண்ணாடிக் குழாய்

வெட்டிய பாலை வாளியில் சேர்த்து, காண்டா போட்டுத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் அங்கே நிறுவை. பாலின் எடை மட்டும் போதாது. மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். இந்தப் பங்கு மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் தேறும் என்று கணக்கிட்டுத்தான் கூலி. அதைப் பார்க்க மெட்ரோலாக் என்ற கருவி. பாலில் மிதக்கவிட வேண்டும். எந்தக் கோடுவரை முங்குகிறது என்று பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

மெட்ரோலாக் நேர்மையான கருவிதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே கூலி. ஆனால் அதைக் குனிந்து பார்ப்பவர் ஒருவர். வாளியோடு எதிரே நிற்பவர் இன்னொருவர். நுரை அடங்குவதற்கு முன்னால் பார்த்தால் ஒரு எண், அடங்கிய பிறகு பார்த்தால் வேறொரு எண். “கோடு நமக்குத் தெரியாதுய்யா. அவுங்க சொல்றதுதான்” என்றார் பாட்டி. மூன்று மணிக்கு எழுந்து செய்த வேலையெல்லாம் கடைசியில் இன்னொருவர் வாயிலிருந்து வரும் ஒரு எண்ணாகச் சுருங்கிவிடும்.

பாட்டி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். 20 காசு நோட்டுப் புத்தகம் ஒன்றில் தினமும் தேதி, வாளிக் கணக்கு, அவர்கள் சொன்ன எண் மூன்றையும் எழுதிவைப்பார். சம்பளத்தன்று செக்ரோல் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லையென்றால் நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். “எத்தன தடவ ஜெயிச்சீங்க?” என்று கேட்டேன். “ரெண்டு தடவ குடுத்தாங்க. மத்ததெல்லாம் ஏசிட்டு அனுப்புனாங்க. ஆனா நோட்டு வச்சிருக்கேன்னு தெரிஞ்ச பொறவு என் வாளியில கொஞ்சம் பாத்துதான் எழுதுனாங்க.”

தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் வரலாற்றை நான் அந்த நோட்டிலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்ற வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். சைக்கிள் அவன் சொந்தக் காசில் வாங்கிய தொழில்நுட்பம். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உரிமையைத் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. நாதன் கைது செய்யப்பட்டார், படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். அடுத்த பல பத்தாண்டுகள் நடந்த பேச்சுவார்த்தைகளைப் படித்தால் திரும்பத் திரும்ப வருவது கத்தியோ மரமோ அல்ல. ராத்தலுக்கு எவ்வளவு, ரப்பர் விலை இறங்கினால் கூலி எவ்வளவு இறங்கும், மழை பெய்து வெட்ட முடியாத நாளுக்குக் கூலி உண்டா, இலை உதிர்கிற மாதத்தில் பால் குறைந்தால் யார் தலையில் விழும். மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கையின் உட்பொருளும் இதுதான். மழைக்கும் உலகச் சந்தைக்கும் தொழிலாளி பொறுப்பல்ல, அந்த ஏற்ற இறக்கத்தை அவன் சம்பளத்தில் ஏற்றாதீர்கள் என்பது. சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம், தீபகற்பத்தில் 900 ரிங்கிட், 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் தோட்டத்தில் இல்லை.

மருந்து தடவிய மரம்

ஏன் இல்லை என்பதற்கும் ஒரு தொழில்நுட்பக் கதை உண்டு.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம். அங்கே உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரகங்கள் விதையிலிருந்து வளர்ந்த பழைய மரங்களைவிடப் பல மடங்கு பால் கொடுத்தன. 1960களின் கடைசியில் இன்னொரு திருப்பம். எத்தெஃபான் என்ற இரசாயனத்தை வெட்டுக்கோட்டின் அருகே பட்டையில் தடவினால், அது எத்திலீன் வாயுவை வெளிவிட்டு, பால் குழாய்களின் வாய் சீக்கிரம் அடைத்துக்கொள்வதைத் தடுக்கும். பால் நெடுநேரம் சொட்டும். இந்த ஆய்வுகளைச் செய்த விஞ்ஞானிகளில் பாக்கியநாதன் என்ற நம் பெயரையும் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. லயத்துக்கு வெளியே, ஆய்வுக்கூடத்திலும் நாம் இருந்திருக்கிறோம்.

பாட்டிக்கு எத்தெஃபான் தெரியாது, “மருந்து” தெரியும். டப்பாவும் தூரிகையுமாகத் தடவப் போயிருக்கிறார். மருந்து வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டியதை மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்றாகியது. மரத்துக்கு நல்லது, பட்டை மிச்சம். அதே சமயம் ஒரே ஆள் முன்னைவிட அதிகமான மரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 1990களில் எத்திலீன் வாயுவையே நேரடியாக மரத்துக்குச் செலுத்தும் முறைகளும் வந்தன. ஆராய்ச்சியாளர்கள் தீர்க்க நினைத்த பிரச்சினையின் பெயர் ஆள் பற்றாக்குறை. தோட்டத்தில் அப்போதும் மிச்சமிருந்தவர்களுக்கு அது வேலைப் பற்றாக்குறையாகத் தெரிந்தது.

இங்கே நான் விஞ்ஞானிகளைக் குறைசொல்லவில்லை. இருட்டில் பாம்புக்கும் கொசுவுக்கும் நடுவில் செய்யும் வேலை குறைவது நல்லதுதான். மருந்தால் கூடிய பாலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மருந்து தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்த மேசையில் பாட்டி இல்லை. இதற்குள் செம்பனைக்கு அதிக வருமானம், குறைந்த ஆள் என்று தோட்டங்கள் மாறின. 1990களின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய ரப்பர் உற்பத்தியாளர் என்ற இடத்தைத் தாய்லாந்து எடுத்துக்கொண்டது. பல தோட்டங்களில் வேலை போனபோது வீடும் சேர்ந்து போனது, ஏனென்றால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். எங்கள் குடும்பம் தாப்பா பட்டணத்து ஓரத்தில் மலிவு வீட்டுக்கு வந்தது. அப்பா கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டினார். அத்தைகள் ஈப்போ தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினார்கள். பாட்டி கத்தியையும் நோட்டுகளையும் எடுத்து வந்தார்.

வேறு மாதிரி ஒரு கருவி

தொழில்நுட்பம் என்றாலே நம்மை அளக்க வருவது என்று நான் சொல்லவில்லை. நீங்களும் நானும் தினமும் பயன்படுத்தும் ஒரு நல்ல எதிர்உதாரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அது முரசு அஞ்சலாக வளர்ந்தது. 2005 பொங்கலில் கைப்பேசியில் தமிழில் எழுத செல்லினம் வந்தது. அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றன. அச்சுக்கோப்பவரின் வேலை, பத்திரிகை ஆசிரியரின் வேலை, தமிழாசிரியரின் வேலை எல்லாம் அதனால் மாறின. உயர்ந்த முதலீட்டாளர்கள் யாரும் இல்லாமல் தொடங்கிய ஸ்டார்ட்-அப் என்றே அதைச் சொல்லலாம்.

அதற்கும் நான் செய்யும் செயலிக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்திருக்கிறேன். விசைப்பலகையில் ‘அ’ என்று தட்டினால் ‘அ’ வந்ததா என்று தட்டியவரே பார்க்கிறார். தவறென்றால் அவரே அழிக்கிறார். கருவியைப் பயன்படுத்துபவரும் விளைவைப் பார்ப்பவரும் ஒருவரே. பால் வெட்டும் கத்தியும் அப்படித்தான். வெட்டு சரியா இல்லையா என்று பாட்டியின் கைக்கு உடனே தெரியும். மெட்ரோலாக் அப்படி இல்லை. எங்கள் செயலியும் அப்படி இல்லை. உழைப்பவர் ஒருவர், எண்ணைப் பார்ப்பவர் இன்னொருவர்.

இரண்டாம் கட்டம்

இப்போது எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செம்பனையில் காயாக இருக்கும் குலையை வெட்டினால் எண்ணெய் தேறாது. அதனால் காய்க்குலைக்குக் கூலியில் பிடித்தம் போடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. முன்பு மண்டோர் வந்து குலையைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார். எங்கள் செயலியில் கேமரா பார்க்கிறது. குலையின் நிறத்தையும் உதிர்ந்த பழங்களையும் வைத்துக் காயா பழமா என்று கணிக்கிறது. அந்தப் பகுதியின் நிரலை எழுதியவர்களில் நான் ஒருவன். வெயில் நேரத்தில் நன்றாகவே கணிக்கும். அதிகாலையிலும் மழை மூட்டத்திலும் சறுக்கும். இது எங்களுக்குத் தெரியும், சோதனை அறிக்கையில் இருக்கிறது.

குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஒரு காலத்தில் நாம் இருந்த இடம் அது. மேலாளரின் திரையில் ஒவ்வொரு குலையின் படமும் வரும். வெட்டியவருக்கு வருவது மாதக் கடைசியில் ஒரே ஒரு தொகை. எந்தக் குலைக்குப் பிடித்தம், ஏன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

தீபாவளி முடிந்து வந்த வாரம் கூட்டத்தில் சொன்னேன். படத்தையும் பிடித்தத்தையும் தொழிலாளியின் கைப்பேசியிலும் காட்டலாம், “ஒத்துக்கொள்ளவில்லை” என்று ஒரு பொத்தான் வைக்கலாம், இரண்டு வார வேலைதான். எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. என்னைவிட நாலு வயதுதான் பெரியவர், கையிலிருக்கும் பணம் எத்தனை மாதம் ஓடும் என்று தினமும் கணக்குப் பார்க்கிறவர். “நல்ல ஐடியா ப்ரோ. ஆனா கிளையண்ட் கேக்கலியே. இரண்டாம் கட்டத்துல வைப்போம்” என்றார். எங்கள் துறையில் இரண்டாம் கட்டம் என்றால் என்னவென்று துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

2025 ஆகஸ்டில் கிக் தொழிலாளர் மசோதாவை நாடாளுமன்றத்தின் மக்களவை நிறைவேற்றியது. வருமானம் எப்படிக் கணக்கிடப்படும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், சமூகப் பாதுகாப்புச் சந்தா வேண்டும், தகராறுக்குத் தீர்ப்பாயம் வேண்டும் என்கிறது. டெலிவரி ரைடர்களும் ஓட்டுநர்களும் கேட்டுக் கேட்டு வந்தது. பாட்டி ஆபீஸ் வாசலில் நோட்டோடு நின்றதன் நீட்சி என்றே அதைப் பார்க்கிறேன். ஆனால் அது தோட்டத்தில் நேரடியாகக் கூலிக்கு இருக்கும் குலை வெட்டுபவருக்கு எழுதப்பட்ட சட்டம் அல்ல. அவருக்கும் எனக்கும் நடுவில் இருப்பது நான் எழுதிய நிரல்தான்.

பொத்தானுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வேறொன்று செய்தேன். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரின் கணக்கையும் ஒரு துண்டுத்தாளில் அச்சிடும் வசதியைச் சேர்த்தேன். தேதி, குலை எண்ணிக்கை, காய் எண்ணிக்கை, பிடித்தம். பழைய அறிக்கை ஒன்றின் நிரலையே திருப்பிப் போட்டதால் ஒரு நாள்கூட ஆகவில்லை. ஒரே ஒரு தோட்டத்து மேலாளர் மட்டும் அதைப் பயன்படுத்துகிறார். மாதக் கடைசியில் வரும் சச்சரவு குறைகிறது என்பது அவர் சொல்லும் காரணம். மற்ற தோட்டங்களில் அந்த வசதி அணைத்தே கிடக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது மாதிரித் துண்டு ஒன்றைப் பாட்டியிடம் கொடுத்தேன். மலாய் மொழியில் இருந்தது. எண்களை மட்டும் விரல்வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“தேதி போட்ருக்க. நல்லது.” பிறகு, “படம் எடுக்குதுன்னு சொன்னியே, அந்தப் படம் அவன்கிட்ட இருக்கா?”

“இல்ல பாட்டி.”

“அப்ப இது அவுங்க நோட்டுய்யா. அவன் நோட்டு இல்ல.”

சாமான் அறைக்குப் போய் அவருடைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. நடுப்பக்கம் ஒன்றில் வரிசையாகத் தேதிகள், பக்கத்தில் வாளிக் கணக்கு, அதற்குப் பக்கத்தில் அவர்கள் சொன்ன எண். இரண்டு இடத்தில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் பொத்தானைப் பற்றி மறுபடியும் பேசும்போது முதலில் அதைத்தான் திரையில் போடப் போகிறேன்.